இல்லாத தீவுக்குப் படம் வரைந்தவர்

உலகத்துத் தேசப்படங்கள் அத்தனையையும் புரட்டிப் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத தீவு ஒன்று உண்டு. நீளம் சுமார் ஒன்பது மைல். அகலம் ஐந்து மைல். கொழுத்த பறக்கும் நாகம் ஒன்று எழுந்து நிற்பது போன்ற உருவம். காற்றுக்கு ஒதுங்கிக் கப்பல் நிற்கத் தெற்கே ஒரு துறை, வடக்கே ஒரு துறை. நடுவில் தூரதிருஷ்டிக் குன்று. கரையை ஒட்டி எங்கெங்கே எத்தனை பாகம் ஆழம் என்பதற்கு எண்கள். கைதேர்ந்த மாலுமி ஒருவன் அந்தப் படத்தை நம்பிக் கப்பலைச் செலுத்தி, நங்கூரமும் பாய்ச்சிவிடலாம். ஒரே ஒரு குறை. அப்படி ஒரு தீவு இந்தப் பூமியில் கிடையாது!

அந்தத் தீவைப் படைத்தவர் ராபர்ட் லூயி ஸ்டீவன்ஸன். 'புதையல் தீவு' என்னும் கதையால் உலகப் புகழ் பெற்றவர். ஒற்றைக் கால் ஸில்வரையும் அவன் தோளில் உட்கார்ந்த கிளியையும் அறியாத வாசகர் குறைவு. ஆனால் கதை எழுதி முடித்த பிறகு அதற்கு அழகு சேர்க்கப் படம் போட்டார் என்று நினைத்தால் அது தவறு. படம்தான் முதலில் பிறந்தது. கதை அதன் வயிற்றில் பிறந்த பிள்ளை.

விளக்கு வம்சம்

ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில் 1850-ஆம் ஆண்டு நவம்பர் 13-ஆம் தேதி ஸ்டீவன்ஸன் பிறந்தார். பெற்றோருக்கு ஒரே பிள்ளை. அவருடைய குடும்பத்துக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. அது கலங்கரை விளக்கம் கட்டும் குடும்பம்.

பாட்டனார் ராபர்ட் ஸ்டீவன்ஸன், பெல் ராக் என்னும் பாறைமேல் கலங்கரை விளக்கம் எழுப்பியவர். கடல் பொங்கும் நேரத்தில் அந்தப் பாறை முழுவதும் நீருக்குள் மறைந்துவிடும். நீர் வற்றும் சில மணி நேரத்தில் மட்டுமே அஸ்திவார வேலை செய்ய முடியும். அப்படிப்பட்ட இடத்தில் 1807 முதல் 1810 வரை பாடுபட்டுக் கட்டிய கோபுரம் இன்றும் நிற்கிறது. பெரியப்பா ஆலன், ஸ்கெர்ரிவோர் விளக்கைக் கட்டியவர். தகப்பனார் தாமஸும் அதே தொழில்தான். வானிலை நிலையங்களில் உஷ்ணமானிகளை வெயில் படாமல் வைப்பதற்குச் சட்டம் சட்டமாகத் தடுத்த வெள்ளை மரப் பெட்டி ஒன்று இருக்குமே, அதை அமைத்தவர் இந்தத் தாமஸ் ஸ்டீவன்ஸன்தான். இன்றும் அந்தப் பெட்டிக்கு அவர் பெயரே வழங்குகிறது.

கலங்கரை விளக்கம் கட்டுகிறவனுக்குக் கற்பனை மட்டும் போதாது. பாறை எங்கே இருக்கிறது, ஆழம் எவ்வளவு, நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது, அலை எவ்வளவு வேகமாக மோதுகிறது என்பதையெல்லாம் அளந்து படத்தில் குறிக்க வேண்டும். குறித்ததில் பிசகு ஏற்பட்டால் கப்பல் உடையும், உயிர்கள் போகும். இந்தப் பாடம் ஸ்டீவன்ஸன் வீட்டில் பிள்ளைகளுக்குத் தாலாட்டோடு சேர்ந்தே புகட்டப்பட்டது எனலாம்.

கஞ்சிக் கிண்ணத்தில் ஒரு தேசம்

குழந்தை லூயிக்கு உடம்பு சரியில்லை. ஓயாத இருமல், இரவில் தூக்கம் கிடையாது. மற்றப் பிள்ளைகள் தெருவில் ஓடி ஆடும்போது அவன் படுக்கையில் கிடப்பான். அவனுக்குப் போர்வை மடிப்புகளே மலைகளும் பள்ளத்தாக்குகளும் ஆயின. ஈயப் பொம்மைச் சிப்பாய்கள் அந்த மலைகளில் ஏறி இறங்கினார்கள். பிற்காலத்தில் இதையே ஒரு குழந்தைப் பாட்டாக எழுதினார்.

அவனுக்கு ஆறு வயதாயிருந்தபோது, பெரியப்பா மகன் பாப் அந்த வீட்டுக்கு வந்து ஒரு குளிர்காலம் முழுவதும் தங்கினான். இருவரும் சேர்ந்து இரண்டு தேசங்களை உண்டாக்கினார்கள். பாப் ஆண்ட தேசம் நோஸிங்டோனியா. லூயி ஆண்ட தேசத்துக்கு என்ஸைக்ளோபீடியா என்று பெயர். இரண்டும் தீவுகள். இரண்டுக்கும் அவர்கள் ஓயாமல் படம் வரைந்தார்கள்.

சாப்பிடும்போதுகூட இந்த விளையாட்டு நிற்கவில்லை. பாப் கஞ்சியில் சர்க்கரை தூவிச் சாப்பிடுவான். அது பனி மூடிக்கொண்டே வரும் தேசம். லூயி கஞ்சியில் பால் ஊற்றிக்கொள்வான்; அது வெள்ளம் ஏறி மூழ்கிக்கொண்டிருக்கும் தேசம். இன்னும் எத்தனை ஊர் பிழைத்திருக்கிறது, எந்த மேடு தீவாகிவிட்டது என்று ஒருவருக்கொருவர் செய்தி சொல்லிக்கொண்டே கிண்ணத்தைக் காலி செய்வார்கள். மேட்டில் பனி எப்படித் தங்கும், பள்ளத்தில் நீர் எப்படி ஏறும் என்பது அந்தச் சின்ன வயதிலேயே அவன் கண்ணுக்குப் பழகிவிட்டது.

தந்தைக்கு ஏமாற்றம்

லூயி வளர்ந்தார். குலத்தொழிலுக்கு வாரிசு அவரே என்று தந்தை நம்பினார். 1867-ல் எடின்பரோ சர்வகலாசாலையில் இன்ஜினீயரிங் படிக்கச் சேர்த்தார். விடுமுறை நாட்களில் துறைமுக வேலை நடக்கும் ஊர்களுக்கு அனுப்பினார். 1868-ல் விக் என்னும் ஊரில் லூயி முக்குளிப்போர் அணியும் கனத்த உடையை மாட்டிக்கொண்டு கடலுக்கடியில் இறங்கிப் பார்த்தார். 1870-ல் எரெய்ட் என்னும் சின்னஞ்சிறு தீவில் தங்கினார். அங்கிருந்துதான் கடல் நடுவே துஹார்டாக் பாறையில் எழும்பிய விளக்குக்குக் கல் செதுக்கி அனுப்பினார்கள்.

கடலையும் பாறையையும் அவர் நேசித்தார். கணக்கையும் காரியாலயத்தையும்தான் சகிக்க முடியவில்லை. விளக்கு ஒளியைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்து 1871-ல் கலைச் சங்கத்தின் வெள்ளிப் பதக்கம்கூடப் பெற்றார். அதே வருஷத்தில், தமக்கு இந்தத் தொழில் வேண்டாம், எழுத்தே போதும் என்று தந்தையிடம் சொல்லிவிட்டார்.

மூன்று தலைமுறையாக வந்த தொழில் தம் மகனோடு அறுந்துபோகிறது என்று தாமஸ் உள்ளுக்குள் நொந்தார். ஆயினும் சினந்து கூச்சலிடவில்லை. வக்கீல் படிப்பாவது படிக்க வேண்டும் என்று மட்டும் நிபந்தனை போட்டார். மகன் 1875-ல் வக்கீலானார். ஆனால் அந்தத் தொழிலிலும் நிலைக்கவில்லை. இதற்கு நடுவில் 1873-ல் மதநம்பிக்கையைப் பற்றித் தந்தைக்கும் மகனுக்கும் பெரிய மனத்தாங்கல் ஏற்பட்டது. 1879-ல், தாம் காதலித்த அமெரிக்க மாதான ஃபானியைத் தேடி, பெற்றோரிடம் சொல்லாமலே கப்பலேறிவிட்டார். கலிபோர்னியாவில் பணமும் இல்லை, தேக சௌக்கியமும் இல்லை. சாவின் வாசலை மிதித்துத் திரும்பினார். செய்தி கேட்ட தந்தையின் மனம் இளகிற்று. வருஷம் 250 பவுன் தருவதாகத் தந்தி கொடுத்தார். 1880 மே மாதம் கல்யாணம் நடந்தது. ஃபானியின் முதல் மணத்துப் பிள்ளை லாயிடும் புதுக் குடும்பத்தோடு ஸ்காட்லாந்து வந்து சேர்ந்தான்.

பிரிந்தவர் கூடினார்கள். ஆனால் கல்லிலும் கடலிலும் வாழ்ந்த தகப்பனாருக்கும், காகிதத்திலும் மையிலும் வாழ்ந்த மகனுக்கும் சேர்ந்து செய்ய ஒரு வேலை அதுவரை அமையவில்லை.

மழைக்காலத்து விளையாட்டு

1881 ஆகஸ்டு மாதம். ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் பிரேமார் என்னும் ஊர். குடும்பம் முழுவதும் ஒரு சிறிய வீட்டில் தங்கியிருந்தது. கோடைக்காலம் என்று பெயர்தான். விடாத மழை, எலும்பைத் துளைக்கும் குளிர். வெளியே போக முடியாமல் பதின்மூன்று வயது லாயிட் வர்ணப் பெட்டியை வைத்துக்கொண்டு படம் தீட்டிப் பொழுது போக்கினான். ஸ்டீவன்ஸனும் அவனோடு உட்கார்ந்துவிடுவார்.

அப்படி ஒருநாள் பிறந்ததுதான் தீவின் படம். அதைத் தாமே வரைந்து வர்ணம் தீட்டியதாக ஸ்டீவன்ஸன் பிற்காலத்தில் எழுதினார். முதலில் வரைந்தவன் தான் என்றும், அவர் வந்து பெயர்களைச் சேர்த்தார் என்றும் லாயிட் பின்னாளில் எழுதினார். முதல் கோடு யாருடையதாக இருந்தாலும், அந்தத் தீவுக்கு உயிர் கொடுத்தவர் ஸ்டீவன்ஸன். ஓரத்தில் 'புதையல் தீவு' என்று பெயர் பொறித்தார்.

படத்தையே பார்த்துக்கொண்டிருந்தபோது விந்தை ஒன்று நிகழ்ந்தது. வரைந்த காடுகளுக்குள்ளிருந்து மனிதர்கள் எட்டிப் பார்த்தார்கள்! பழுப்பு முகங்கள், பளபளக்கும் ஆயுதங்கள். அந்தச் சில அங்குலக் காகிதத்தின் மேல் அங்குமிங்கும் ஓடிச் சண்டை போட்டார்கள், புதையலைத் தேடினார்கள். உடனே இன்னொரு தாளை எடுத்து அத்தியாயங்களின் பட்டியலை எழுதத் தொடங்கிவிட்டார்.

தினம் ஓர் அத்தியாயம். பகல் உணவுக்குப் பின் குடும்பத்தார் முன்னிலையில் வாசிப்பு. லாயிட் வாயைப் பிளந்து கேட்டதில் அதிசயமில்லை. ஆனால் தாமஸ் ஸ்டீவன்ஸனும் சிறுவனாகிவிட்டார்! கடல், கப்பல், கொள்ளைக்காரர் என்றால் அவருக்கும் உயிர். மாண்டுபோன மாலுமி பில்லி போன்ஸின் பெட்டிக்குள் என்னென்ன சாமான்கள் இருக்க வேண்டும் என்று ஒரு வக்கீல் கடித உறையின் பின்புறத்தில் உட்கார்ந்து பட்டியல் எழுதினார். மகன் அதை அப்படியே கதையில் சேர்த்துக்கொண்டார். கொள்ளைத் தலைவன் ஃபிளின்டின் கப்பலுக்கு வால்ரஸ் என்று பெயர் சூட்டியவரும் தந்தையே.

படம் சொன்ன கதை

படத்தில் விளையாட்டாகப் போட்ட ஒவ்வொரு கோடும் கதையில் வேலை வாங்கிற்று. அழகுக்காக இரண்டு துறைகளை வரைந்திருந்தார். இரண்டு இருந்தால் கப்பல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகத்தானே வேண்டும்? அதற்காகவே சிறுவன் ஜிம் இரவில் பரிசலேறிச் சென்று தெற்குத் துறையில் நின்ற கப்பலின் நங்கூரக் கயிற்றை அறுக்கிறான். வற்றும் நீர் கப்பலையும் பரிசலையும் வெளியே இழுத்துப் போகிறது. விடிந்து பார்த்தால் பரிசல் தீவின் தென்மேற்கு முனையில் மிதக்கிறது. மேற்குக் கரை நெடுக வடக்கு நோக்கி ஓடும் நீரோட்டம் அவனைச் சுமந்து செல்கிறது. அவன் கப்பலில் ஏறி, காற்றை நம்பி, வடதுறைக்குக் கொண்டுபோய்க் கரை சேர்க்கிறான். காற்று எந்தப் பக்கம், நீர் எந்தப் பக்கம், எந்த முனையைக் கடந்தால் எது தெரியும் என்பதில் ஓரிடத்திலும் தடுமாற்றம் இல்லை. கலங்கரை விளக்கக் குடும்பத்துப் பிள்ளை அல்லவா!

தென்துறையின் வாயிலில் இருந்த குட்டித் தீவுக்கு, கேட்க நன்றாயிருக்கிறதே என்று எலும்புக்கூட்டுத் தீவு எனப் பெயர் வைத்திருந்தார். பெயர் வைத்தாகிவிட்டது, அதற்குக் காரணம் வேண்டாமா? அமெரிக்கக் கதாசிரியர் எட்கர் ஆலன் போவின் கதை ஒன்றிலிருந்து யோசனையைக் கடன் வாங்கி, திசைகாட்டி முள்ளைப் போல் கிடத்தப்பட்ட எலும்புக்கூடு ஒன்றைக் கதைக்குள் கொண்டுவந்தார். புதையல் தேடுவோருக்கு அது வழி காட்டுகிறது. கடன் வாங்கியதை அவர் மறைக்கவும் இல்லை.

பதினைந்து நாளில் பதினைந்து அத்தியாயம் முடிந்தது. பதினாறாவதில் பேனா நின்றுவிட்டது. ஒரு வார்த்தை வரவில்லை. கதையோ 'யங் ஃபோக்ஸ்' என்ற சிறுவர் பத்திரிகையில் அக்டோபர் 1-ஆம் தேதி முதல் தொடராக வெளிவரத் தொடங்கிவிட்டது! காச நோயாளிகள் தங்கும் ஸ்விட்ஸர்லாந்தின் டாவோஸுக்குக் குளிர்காலத்தைக் கழிக்கப் போன பிறகே ஊற்று மறுபடி திறந்தது. மீண்டும் தினம் ஓர் அத்தியாயமாக எழுதி முடித்தார். 1882 ஜனவரியில் தொடர் நிறைவு பெற்றது. காப்டன் ஜார்ஜ் நார்த் என்ற புனைபெயரில் வந்த அந்தத் தொடரை அன்று யாரும் பிரமாதமாகக் கொண்டாடவில்லை.

காணாமற்போன படம்

தொடரைப் புத்தகமாகப் போட லண்டனில் காஸெல் கம்பெனியார் முன்வந்தார்கள். முன்பணம் நூறு பவுன் என்று கேட்டு ஸ்டீவன்ஸன் துள்ளிக் குதித்தார். கையெழுத்துப் பிரதியும் தீவின் படமும் தபாலில் போயின. அச்சுப் பிழை திருத்தும் தாள்கள் திரும்பி வந்தன. படத்தைப் பற்றி மூச்சே இல்லை. எழுதிக் கேட்டார். படம் வந்து சேரவே இல்லை என்று பதில் வந்தது. ஸ்டீவன்ஸன் திகைத்து உட்கார்ந்துவிட்டார்.

மனம்போன போக்கில் படம் வரைந்து, ஓரத்தில் ஓர் அளவுகோலைப் போட்டு, அதற்கேற்பக் கதை எழுதுவது எளிது. எழுதி முடித்த கதைக்குப் பொருந்தும்படி படம் வரைவதோ வேறு விஷயம். புத்தகத்தை முதலிலிருந்து புரட்டி, எந்த இடத்தைப் பற்றி எங்கே என்ன சொல்லியிருக்கிறது என்று ஜாபிதா எடுக்க வேண்டும். இங்கிருந்து அங்கே இத்தனை தூரம், இந்த மேட்டிலிருந்து அந்தத் துறை இந்தத் திசையில் என்று, கவராயத்தை வைத்து ஒவ்வொன்றாக அளந்து பொருத்த வேண்டும். ஒரு வரி இடித்தாலும் தீவே பொய்யாகிவிடும். கவலையற்ற விளையாட்டாக முதலில் செய்ததை, இப்போது நில அளவைக்காரனைப் போல் வியர்வை சிந்திச் செய்தார்.

இரண்டாம் படம் எங்கே உருவாயிற்று தெரியுமா? தந்தையின் காரியாலயத்தில்! எந்த இடம் வேண்டாம் என்று மகன் பன்னிரண்டு வருஷங்களுக்கு முன் உதறிவிட்டுப் போனாரோ, அதே இடத்தில். நிஜக் கடலின் நிஜப் பாறைகளைக் குறித்துவந்த அந்தக் காரியாலயம், இல்லாத கடலின் இல்லாத தீவுக்குப் படம் போட்டுக் கொடுத்தது. நீர் பீய்ச்சும் திமிங்கிலங்களும், பாய் விரித்த கப்பல்களும் ஓரத்தில் அழகு செய்தன. பலவிதக் கையெழுத்துகளில் எழுதுவது தாமஸ் ஸ்டீவன்ஸனுக்குக் கைவந்த வித்தை. வாழ்நாளெல்லாம் ஒழுக்கம் தவறாத அந்தக் கண்டிப்பான பெரியவர், கொள்ளைக்காரன் ஃபிளின்டின் கையெழுத்தைத் தம் கையாலேயே அச்சாகப் போட்டுக் கொடுத்தார். பில்லி போன்ஸின் வழிக் குறிப்புகளையும் அவரே எழுதினார்.

1883 நவம்பரில் புத்தகம் வெளிவந்தது. பள்ளிச் சிறுவர்களும் மந்திரிகளும் ஒன்றுபோல் கண் விழித்துப் படித்தார்கள். முகப்பில் இருந்த படத்தைப் பார்த்தவர்கள், இது ஏதோ உண்மைத் தீவின் படம்தான் என்று மயங்கினார்கள். ஆயினும் ஸ்டீவன்ஸன் மனத்தில் ஒரு முள் இருந்துகொண்டே இருந்தது. பிரேமார் மழையில் வர்ணம் தீட்டிய முதல் படத்தை அவர் பிறகு காணவே இல்லை. அச்சான படம் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், அது தம்முடைய புதையல் தீவு அல்ல என்றே அவருக்குத் தோன்றிற்று.

சூரியன் கிழக்கே மறையலாமா?

இந்த அனுபவம் அவருக்கு ஒரு விதியைக் கற்பித்தது. இடம் நிஜமானாலும் கற்பனையானாலும், கதாசிரியன் அதை உள்ளங்கையைப் போல் அறிந்திருக்க வேண்டும். தூரம், திசை, சூரியன் உதிக்கும் பக்கம், சந்திரனின் வளர்பிறை தேய்பிறை எல்லாம் சரியாயிருக்க வேண்டும். சர் வால்டர் ஸ்காட் எழுதிய நாவல் ஒன்றில் சூரியன் கிழக்கே மறைந்துவிடுகிறது! அவ்வளவு பெரிய மேதையே சறுக்கினால் மற்றவர் எம்மாத்திரம்? ஸ்டீவன்ஸனும் தம் நாவல் ஒன்றில் சந்திரனிடம் ஏமாந்தவர்தான். அது முதல் பஞ்சாங்கம் பக்கத்தில் இல்லாமல் அவர் பேனாவைத் தொடுவதில்லை. தேசப்படமும், வீடுகளின் அமைப்புப் படமும் எதிரில் இருந்தால் பெரும் பிழைகள் தப்பிப்போகும் என்பது அவர் கண்ட முடிவு.

1886-ல் வந்த 'கிட்னாப்டு' நாவலுக்கும் அவர் ஒரு படத்தைச் சேர்த்தார். கதாநாயகன் அலைந்த வழி அதில் காட்டப்பட்டது. அந்தக் கதையில் எரெய்ட் தீவும் வருகிறது. கப்பல் உடைந்து கரையேறிய பையன், நாற்புறமும் கடல் என்று எண்ணிப் பட்டினி கிடந்து நடுங்குகிறான். நீர் வற்றும் நேரத்தில் அக்கரைக்கு நடந்தே போய்விடலாம் என்பது அவனுக்குத் தெரியாது. பத்தொன்பது வயதில் தந்தை அனுப்பிய இடத்தில் கண்ணால் கண்ட அந்தக் கடல் வற்றம், பதினாறு வருஷம் கழித்துக் கதையின் உச்சகட்டங்களில் ஒன்றாயிற்று. தந்தை கொடுத்த கல்வி வீண்போகவில்லை.

தாமஸ் ஸ்டீவன்ஸன் 1887 மே மாதம் காலமானார்.

நிஜத் தீவு

தந்தை போன பிறகு ஸ்டீவன்ஸன் தாய்நாட்டில் தங்கவில்லை. நுரையீரல் நோய் வெப்ப நாட்டைத் தேடி ஓடச் செய்தது. 1888-ல் காஸ்கோ என்ற பாய்க்கப்பலில் ஸான் பிரான்ஸிஸ்கோவிலிருந்து புறப்பட்டுப் பசிபிக் தீவுகளைச் சுற்றினார். 1890-ல் சமோவாத் தீவில் வைலிமா என்னும் இடத்தில் குடியேறினார். காட்டை வெட்டினார், பாதை போட்டார், வீடு கட்டினார். காகிதத்தில் செய்த காரியங்களை மண்ணில் செய்தார்.

அந்தத் தீவு மக்கள் அவரைக் கதை சொல்பவர் என்று பொருள்படும் டுசிடாலா என்ற பெயரால் அழைத்தார்கள். உள்நாட்டுப் போரில் தோற்றுச் சிறைப்பட்ட தலைவர்களை மற்றவர் கைவிட்டபோது, அவர் சிறைக்கே சென்று பார்த்து உதவினார். 1894-ல் விடுதலையான அந்தத் தலைவர்கள், கூலி வாங்காமல் தங்கள் கைகளாலேயே அவர் வீட்டுக்கு ஒரு சாலை அமைத்துக் கொடுத்தார்கள். அன்புள்ளங்களின் சாலை என்று அதற்குப் பெயர்.

அவ்வருஷம் டிசம்பர் 3-ஆம் தேதி, மூளையில் ரத்தக்குழாய் வெடித்து ஸ்டீவன்ஸன் மாண்டார். வயது நாற்பத்து நான்குதான். வேயா மலையின் உச்சியில் அடக்கம் செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை. அங்கே போக வழியில்லை. சமோவா மக்கள் விடிய விடியக் காட்டை வெட்டி மலைமேல் பாதை திறந்தார்கள். மறுநாள் அவரைத் தோளில் சுமந்து ஏறினார்கள். அந்தத் தீவின் மண்ணில் அவருக்காகப் புதிதாக ஏற்பட்ட கடைசிக் கோடு அது.

ஸ்டீவன்ஸனுக்குப் பிறகு எத்தனையோ ஆசிரியர்கள் இல்லாத உலகங்களுக்குப் படம் வரைந்திருக்கிறார்கள். 1954-லும் 1955-லும் வந்த டோல்கீனின் மோதிரக் கதைக்கு அவருடைய மகன் கிறிஸ்டோபர் படம் வரைந்து கொடுத்தார். இன்று மலை, நதி, சமவெளி என்று கற்பனைத் தேசங்களை உருவாக்கி மகிழ்வோர் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோருக்கும் அந்த ஒன்பது மைல் தீவு ஒரு பாடம். பொய்யான தேசமாயிருந்தாலும் நீர் பள்ளத்தை நோக்கித்தான் ஓட வேண்டும். சூரியன் மேற்கேதான் மறைய வேண்டும். கற்பனைக்கு இறக்கை எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம். அது இறங்கி நிற்க உறுதியான தரை வேண்டும். அந்தத் தரையை ஸ்டீவன்ஸனுக்குக் கொடுத்தது, அவர் வேண்டாம் என்று விட்டு வந்த தந்தையின் தொழில்தான்.